கல்யாண மண்டபத்துக்குப் போன வெங்காயத்தாள்

பட்டியல் போடுகிறவர்களை இந்த உலகம் ஒருநாளும் நியாயமாக நடத்தியதில்லை. பட்டியல் இல்லாமல் கடைக்குப் போய், வாங்கப் போன உப்பை மறந்து, வாங்கப் போகாத பிஸ்கட்டோடு திரும்பி வருகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. 'பாவம், வேலை அலுப்பு' என்கிறார்கள். பட்டியலோடு போய் எல்லாவற்றையும் சரியாக வாங்கி வருகிறவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. (புகாராகத்தான் சொல்கிறேன்.)

நான்கு வருடங்களுக்கு முன், பக்கத்து மலையூரான திரிங்காப்பில் ஒரு காய்கறிக் கொட்டகையில் நடந்ததை, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் ஒரு லோரியைக் கூட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் அன்றைக்குப் போனவை மூன்று லோரிகள். கடைசியாக ஒரு காதுகுத்து விருந்தில் கேட்டபோது அது ஆறாகியிருந்தது. ஏழாவது லோரி புறப்படுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்து, ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு லயத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (ஒன்பதுக்கும் அனுப்பிய தேதி, பதில் வர வேண்டிய தேதி, வராவிட்டால் நினைவூட்டும் தேதி எனத் தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.) அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மா கொழுந்து வெட்டப் போகிறவர். அவர்கள் வேலைக்குப் போனபின் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே சமையலறையில் இருந்த டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.

"மொளகாத்தூளு செவப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு சீட்டா?" என்றார் அம்மா.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுச் சின்னையா மாமா வந்தார். திரிங்காப்பில் ஒரு சீனர் பண்ணையின் காய்கறிக் கொட்டகைக்கு அவர்தான் மண்டோர். அறுத்து வந்த காய்கறியைக் கழுவுவது, கூடையில் அடுக்குவது, லோரியில் ஏற்றுவது எல்லாம் அவர் மேற்பார்வையில் நடக்கும்.

"தவுக்கே மகளுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்க ஆளு தேடுறாரு. நம்ம சுகு சும்மாத்தானே இருக்கு?" என்றார். (பண்ணை முதலாளியை எங்கள் பக்கம் தவுக்கே என்போம்.)

"சும்மா இல்ல மாமா. வேல தேடிக்கிட்டிருக்கேன்."

"அதத்தானம்மா நானும் சொல்றேன்."

அம்மா என்னைக் கேட்கவே இல்லை. "நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே. இந்த வீட்டுல இன்னும் சீட்டு ஒட்டாத சாமான் நான் ஒருத்திதான்" என்றார்.

தவுக்கே சிறு வயதிலிருந்து தமிழர்களோடு வேலை செய்து வளர்ந்தவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். கோபம் வந்தால் எங்களைவிட வளமாகவும் பேசுவார். அன்று அவருக்குக் கோபம் இல்லை. ஒரு முட்டைக்கோஸைக் கையில் உருட்டிக்கொண்டே நிலவரத்தைச் சொன்னார்.

"மூணாம் படிவம் படிக்குது. கணக்கு நல்லா வருது. அறிவியல் நல்லா வருது. இங்கிலீசு மட்டும் சுத்தமா இல்ல லா. வருசக் கடைசி சோதனையில இங்கிலீசு பாஸ் பண்ணாத்தான் அடுத்த வருசம் அறிவியல் வகுப்புன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. இல்லாட்டி கணக்கியல் வகுப்பு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணக்கியல் படிச்சா கொட்டாய்க்கு ஒதவும்."

அவருக்கு ரெண்டும் ஒன்று. பக்கத்தில் நின்ற அவர் மகள் மெய் லின்னுக்கு ஒன்றல்ல என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பதினைந்து வயது. அப்பாவைப் போலவே தமிழ் பேசுவாள். பள்ளிச் சீருடைமேல் ரப்பர் ஏப்ரன். பையில் எப்போதும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். நோய் விழுந்த இலைகளைப் பறித்து ஒரு நோட்டில் ஒட்டி, எந்தச் சரிவில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது, புள்ளி எத்தனை நாளில் பரவியது என்று எழுதி வைத்திருந்தாள். பயிர்களுக்கு ஏன் நோய் வருகிறது என்று படிக்க வேண்டுமாம். அந்த நோட்டைப் பார்த்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தேதி போட்டு எழுதுகிற மனிதர்கள் அருகி வருகிறார்கள்.

அவளுடைய ஆங்கில நோட்டு இன்னொன்று. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் அம்புக்குறி, வலப்பக்கம் சீனத்தில் பொருள். ஒரு நாளைக்கு இருபது சொல் வீதம் மனப்பாடம் செய்திருந்தாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்வாள், எழுத்துக்கூட்டுவாள். ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னால் செய்தி வாசிப்பாளர் மாதிரி மூச்சுவிடாமல் வாசிப்பாள். வாசித்து முடித்ததும், "என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டால், நான் அவளை அடித்துவிட்டதுபோல் பார்ப்பாள். உதிரிபாகக் கடை மாதிரிதான்: போல்ட் இருக்கிறது, செயின் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. ஏறி ஓட்டிக்கொண்டு போக ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் இல்லை.

நான் எட்டு வாரத் திட்டம் ஒன்று போட்டேன். அதில் முதல் விதி இதுதான்: பாட நேரத்தில் ஆங்கிலம் மட்டும். அதுவும் முழு வாக்கியமாகப் பேச வேண்டும். துண்டு துண்டாகப் பேசினால் நான் பதில் சொல்ல மாட்டேன். மலாயோ தமிழோ சீனமோ ஒரு சொல் வந்துவிட்டால், தண்டனையாகப் பத்து வாக்கியம் எழுத வேண்டும்.

(இந்த விதியை இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவில்லை. அதை லேமினேட் செய்து வைத்திருந்தேன்.)

முதல் வாரத்தில் அவள் அறுபது வாக்கியம் எழுதினாள். இரண்டாம் வாரத்தில் இருபது. மூன்றாம் வாரத்தில் தண்டனையே இல்லை. என் முறை வேலை செய்கிறது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அவள் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள் என்பது என் கட்டங்களில் எதிலும் விழவில்லை.

ஐந்தாம் வாரம் முடிகிறது. சோதனைக்கு மூன்று வாரம்தான். இதுவரை அவள் எனக்கு ஒரு முழு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் நோயிலை நோட்டைப் பையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். "ஏன்?" என்றேன். பையைக் காலுக்கடியில் தள்ளினாள். அவள் அப்பா எங்களைக் கடந்து போகும்போது, "கணக்கியலுக்குப் புத்தகம் பார்த்து வச்சிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.  அறிவியல் வகுப்பில் உட்கார வேண்டிய ஒருத்தி என் கையால் கணக்கியலுக்குப் போகப்போகிறாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை. இன்றும் சொல்கிறேன், நல்ல யோசனை.

மெய் லின் பள்ளி விட்டதும் கொட்டகைக்குத்தான் வருவாள். மாலை வரை முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரிப்பாள், கூடை அடுக்குவாள். எங்கள் பாடமும் அங்கேயே, கவிழ்த்த கூடைகளின் மேல் நடக்கும். அவள் பொழுதெல்லாம் கொட்டகையில் போகிறதென்றால் கொட்டகையே புத்தகமாக வேண்டும். வரிசையாக நிற்கும் ஒவ்வொரு கூடையிலும் ஒரு சொல். நடந்துகொண்டே வாசித்தால் ஒரு வரிசை ஒரு வாக்கியம். நான்கு வரிசை ஒரு பத்தி. நடந்து, தொட்டு, வாசித்து, பொருள் சொல்ல வேண்டும். உதிரிபாகங்கள் கடைசியில் மோட்டாராகும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே போய்விட்டேன். தவுக்கே ஏதோ அரசாங்க அலுவலக வேலையாகப் பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்குப் போயிருந்தார். சின்னையா மாமாவும் அங்கேதான் பல் பிடுங்கப் போயிருந்தார். வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துக்காரர்களும் கீரை கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அனுப்ப வேண்டியது முழுவதும் ஏற்கெனவே கூடைகளில் ஏறி, மூன்று லோரிகளுக்காகக் காத்திருந்தது. தாழ்வான கூரைக்கு வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அலுவலக அறை வாசலில் ஒரு பிஸ்கட் டின்னில் வண்ணத்தாள்கள் இருந்தன. பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. யாரோ புண்ணியவான் அவற்றைச் சொல் எழுதுவதற்கென்றே வெட்டியதுபோல் ஒரே அளவில் வெட்டி வைத்திருந்தார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. வயர்களுக்கு நிறம் இருப்பதுபோல் சொற்களுக்கும் நிறம் கொடுத்தேன். பெயர்ச்சொல் பச்சை. வினைச்சொல் மஞ்சள். பெயரடை இளஞ்சிவப்பு. மிச்சமிருந்த சின்னச் சொற்களுக்கு வெள்ளை.

கூடைகளில் ஏற்கெனவே தாள்கள் செருகியிருந்தன. அவையும் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புதான். ஆனால் ஒன்றிலும் ஓர் எழுத்தும் இல்லை. வெறுந்தாள். எழுத்தில்லாத தாளில் என்ன தகவல் இருக்க முடியும்? என் சொற்களுக்கு இடம் வேண்டுமே என்று அத்தனையையும் உருவி எடுத்து, குப்பையில் போடாமல், நிறவாரியாகப் பிரித்து, ரப்பர் போட்டு டின்னிலேயே வைத்தேன். (அந்தக் கொட்டகையின் வரலாற்றில் இவ்வளவு ஒழுங்காக யாரும் நாசவேலை செய்ததில்லை.)

வேலையாட்கள் பார்த்தார்கள். புன்னகைத்தார்கள். ஒருவர் எனக்காக ஒரு கூடையை நகர்த்திக்கூடக் கொடுத்தார். டீச்சர் ஒட்டுகிறாள் என்றால் தவுக்கே சொல்லித்தான் ஒட்டுகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இதைப் பிறகு எல்லோரும் அவர்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் லோரிகள் சீக்கிரம் கிளம்பும். வார இறுதிக்கு மலையேறி வரும் சுற்றுலாக் கார்களில் மாட்டிக்கொண்டால் நகர முடியாது. அன்றும் மூன்று லோரிகளும் வந்து பின்பக்கத்தைக் கொட்டகைக்குக் காட்டி நின்றன. ஏற்றுகிறவர்கள் மடமடவென்று என் பத்தியைக் கலைக்கத் தொடங்கினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மெய் லின் வருகிற வரைக்காவது பொறுக்கக் கூடாதா?

அவள் வந்தபோது ஏற்றுவது அநேகமாக முடிந்திருந்தது. உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"சிஸ்டர்... திஸ் பேப்பர்..."

"முழு வாக்கியம்," என்றேன் ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு.

"சிஸ்டர்! கலர்! லோரி! நோ!"

"நாலும் தனித்தனிச் சொல். வினைச்சொல் எங்கே? மஞ்சள் தாளில் தேடு."

அவள் மஞ்சளைத் தேடவில்லை. லோரியை நோக்கி ஓடப் பார்த்தாள். நான் அவள் பள்ளிப்பையின் வாரைப் பிடித்து நிறுத்தினேன். ஆமாம், நான்தான் பிடித்தேன். பாட நேரத்தில் ஓடக்கூடாது என்பது நான்காவது விதி. அவள் ஆங்கில நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"தி கலர் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்."

நான் கைதட்டினேன். ஐந்து வாரத்தில் முதல் முழு வாக்கியம்! எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, சொல்லவந்த பொருளும் இருக்கிறது. என் நிறமுறையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு பாராட்டவும் செய்கிறாள்! பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, நேரம் போட்டு, அந்த வாக்கியத்தை எழுதி அடிக்கோடிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று லோரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் பனிக்குள் போய்விட்டன.

"அய்யோ, லோரி போயிருச்சுக்கா!" என்று தமிழில் கத்தினாள் மெய் லின்.

"பத்து வாக்கியம்," என்றேன்.

அந்த நிமிடத்தில் சின்னையா மாமா மோட்டாரில் வந்து இறங்கினார். ஒரு கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. காலியான கொட்டகையைப் பார்த்தார். மிச்சம் நின்ற நாலைந்து கூடைகளைப் பார்த்தார். டின்னில் ரப்பர் போட்டு நிறவாரியாக இருந்த தாள்களைப் பார்த்தார்.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்ம்!"

"பேசாதீங்க மாமா. பல்லு புடுங்கினா ரெண்டு மணி நேரம் வாயத் தொறக்கக்கூடாது," என்று நான் வெந்நீர் எடுத்துவரப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, பச்சைத்தாள் கட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். ரோட்டைக் காட்டினார். மறுபடி தாளைக் காட்டினார்.

"எழுதிக் காட்டுங்க மாமா," என்று பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. பஞ்சைத் துப்பினார்.

"எழுதறதுக்கு ஒண்ணுமில்லடி! பச்சைன்னா ஈப்போ! மஞ்சன்னா சிங்கப்பூரு! ரோசுன்னா கோலாலம்பூரு பூக்காரம்மா! வெள்ளன்னா சொத்த, ஏத்தக்கூடாது! நாங்க படிக்கிறது தாளத்தான்டி, எழுத்த இல்ல!"

 பிறகு நான் கணக்குப் போட்டேன். (இந்தப் பழக்கம் ஆபத்திலும் விடாது.) பெயர்ச்சொல் ஒட்டிய கூடை எல்லாம் ஈப்போ சந்தைக்கு. வினைச்சொல் எல்லாம் சிங்கப்பூருக்கு. பெயரடை எல்லாம் கோலாலம்பூரில் கல்யாண மண்டபம் அலங்கரிக்கும் அம்மாவுக்கு. வெள்ளைத்தாளில் 'இன்', 'ஆன்', 'அண்டர்' என்று எழுதி ஒட்டிய கூடைகள் மட்டும் பத்திரமாகக் கொட்டகையில் இருந்தன. அவற்றில் இருந்தது அன்றைய முதல்தரத் தக்காளி.

டிரைவர்களுக்குப் போன் அடித்தோம். மலைப்பாதையில் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவர்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை தவுக்கே என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் மூன்று பக்க விளக்கத்தோடு போனேன். முதல் பக்கத்தைத் திறக்கவே அவர் விடவில்லை.

"டீச்சர்! இந்தக் கொட்டாயில நாலு பாஷ ஆளுங்க. ஒருத்தன் எழுத்து இன்னொருத்தனுக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சின்னையாவுக்குச் சீனம் வராது. அதுக்குத்தான் கலரு. இத்தன வருசத்துல ஒரு கூடை மாறல லா! படிச்ச புள்ள நீ, ஒரே மத்தியானத்துல..."

"தாள்ல ஒண்ணும் எழுதலயே தவுக்கே. வெறுந்தாளா இருந்துச்சு."

"ஒனக்குத்தான் அது வெறுந்தாளு!"

  பாலிடெக்னிக்கில் முதல் செய்முறை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்: புதிய கட்டடத்தில் எந்த வயரையும் தொடுவதற்கு முன்னால், இந்த இடத்தில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருப்பவரைக் கேள். அந்தப் பாடத்தில் எனக்கு 'ஏ' கிரேடு. ஆனால் அது வயருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டைக்கோஸுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தின் குறை அது.

அதற்குள் தவுக்கேயின் கைபேசி கத்த ஆரம்பித்தது. ஈப்போ சந்தைக்காரர் கான்டனீஸ் சீனத்தில் கத்தினார்; அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்தவை ஆங்கிலத்தில் எழுதிய நீளமான செய்திகள். தவுக்கே கைபேசியை மெய் லின்னிடம் நீட்டினார்.

அவள் வழக்கம்போல் மூச்சுவிடாமல் வாசித்தாள்.

"என்னா சொல்றாங்க?" என்றார் அப்பா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு அவள் ஐந்து வாரத்தில் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை.  பிறகு அவள் மறுபடி முதலிலிருந்து, மெதுவாக, நின்று நின்று வாசிக்கும் சத்தம் கேட்டது. பாதியில் "ஐயோ" என்றாள். பிறகு சீனத்தில் அப்பாவிடம் சொல்லத் தொடங்கினாள். சிங்கப்பூர்க்காரர் சாலட் கீரைக்காகக் காத்திருந்தாராம், வந்தது சாமந்திப்பூ, 'எங்கள் வாடிக்கையாளர்கள் இதைச் சாப்பிடுவதில்லை' என்று எழுதியிருந்தார். கோலாலம்பூர் அம்மா படமே அனுப்பியிருந்தார். வெள்ளைத் துணி விரித்த கல்யாண மேடை. அதன் முன்னால் கூடை கூடையாக வெங்காயத்தாள். 'பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் என்ன செய்வது?' என்று கேட்டிருந்தார்.

"பதிலு எழுது," என்றார் தவுக்கே.

நான் கையை நீட்டினேன். "நான் எழுதித் தர்றேன். காரணம், வருத்தம், மாற்று ஏற்பாடுன்னு மூணு பகுதியா..."

"நீ தொடாத!"

ஆகவே நான் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருக்க, என் மாணவி நின்றுகொண்டே எழுதினாள். அனுப்பினாள். பதில் வந்தது. வாசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி எழுதினாள். எந்தக் கீரை இன்று திரும்ப அனுப்ப முடியும், எந்த லோரி எத்தனை மணிக்கு வரும், பூ வாடுமா, மாற்றுப் பூ எங்கே கிடைக்கும் என்று மத்தியானம் வரை ஓயவில்லை. நோட்டை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. நடுவில் ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சொன்னா கேக்கவே மாட்டாங்களே, அந்த மாதிரி ஆளுக்கு இங்கிலீசுல என்னா சொல்லு?"

"ஸ்டபர்ன்," என்றேன். எழுத்துக்கூட்டியும் கொடுத்தேன். வாடிக்கையாளரைப் பற்றி அப்படி எழுதலாமா என்று யோசிப்பதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

கோலாலம்பூர் அம்மாவிடமிருந்து உடனே ஒரு சிரிக்கிற முகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் செய்திகளில் கோபம் இல்லை. அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று எனக்குப் புரிய மேலும் பத்து நிமிடம் ஆனது.

எல்லாம் அடங்கியபின் தவுக்கே என்னைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"டீச்சர், நீ இனிமே வர வேணாம்மா."

மூன்று வாரம் மிச்சமிருந்தது. லயத்துக்குத் திரும்பியபின் நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன்: அவள் படிக்க வேண்டியவற்றை நாள்வாரியாக எழுதிச் சின்னையா மாமாவிடம் கொடுத்தனுப்பினேன். "குடுத்துட்டீங்களா?" என்று தினமும் கேட்டேன். "குடுத்துட்டேன்மா" என்பார், கண்ணைப் பார்க்காமல். அது அவர் சட்டைப்பையிலேயே துவைத்துக் காய்ந்தது பின்னால்தான் தெரிந்தது. நான் ராஜினாமா செய்யவில்லை, நீக்கப்பட்டேன். ஆனால் மண்டை முழுக்க ஒரே ஒரு கேள்விதான்: என்னால் அந்தப் பெண் அறிவியல் வகுப்பை இழந்துவிட்டாளா?

"ஒன்னால ஒண்ணும் கெடாது," என்று அப்பா ஆறுதல் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கூடையத் தவிர" என்றார்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தவுக்கேயின் வண்டி எங்கள் லயத்து முன்னால் வந்து நின்றது. முட்டைக்கோஸ் கூடை ஒன்றை இறக்கினார். பின்னாலேயே மெய் லின் இறங்கினாள், கையில் ஒரு தேர்வுத்தாளோடு. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"பாஸ்," என்றார் தவுக்கே, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அறிவியல் வகுப்பு. கணக்கியல் புத்தகத்த என்னா செய்றதுன்னு தெரியல."

 எட்டு வாரத் திட்டத்தில் ஐந்து வாரம் என்னுடையது; ஐந்து வாரத்துக்குரிய மரியாதையையாவது எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு. அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். சின்னையா மாமா மணம் பிடித்ததுபோல் வந்து சேர்ந்தார். மெய் லின் தேர்வுத்தாளைப் பிரித்தாள். கட்டுரைத் தலைப்பு, 'மறக்க முடியாத ஒரு நாள்'.

"வாய்ச்சோதனையிலயும் இதையேதான் சொன்னேன்," என்றாள். "வாசிக்கவா?"

ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்தாள். எங்கள் வீட்டாருக்காகத் தமிழில் ஒரு வரி சொன்னாள். தாள் இருந்தது. நிறம் இருந்தது. பையின் வாரைப் பிடித்தது இருந்தது. 'என் டீச்சர் மிகவும் உழைப்பாளி. அதுதான் ஆபத்து' என்று இருந்தது. நான் கைதட்டியது, நேரம் குறித்தது, வெந்நீர் எடுக்கப் போனது, எதையும் விடவில்லை. நான் கொடுத்த அந்த ஒரு சொல்லை மூன்று இடத்தில் பயன்படுத்தியிருந்தாள், மூன்றும் சரியான இடம். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னையா மாமா தன் பங்கு வந்தபோது எழுந்து நின்று "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று நடித்தே காட்டினார்.

நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டுரைக்கு விஷயம் கொடுத்தது யார்? சொற்களை வாக்கியமாக்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியது யார்? நான் அந்தத் தாள்களை உருவாமல் இருந்திருந்தால் அவள் கணக்கியல் வகுப்பில்தானே உட்கார்ந்திருப்பாள்? என் திட்டம் பலித்தது. வழிதான் திட்டத்தில் இல்லாதது. இதை அன்றைக்கும் சொன்னேன். யாருக்கும் காது கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்.

கடைசிப் பத்திக்கு வந்ததும் மெய் லின் கொஞ்சம் தயங்கி என்னைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். 'இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். என் டீச்சர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.' அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் பள்ளி ஆசிரியை சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரி போட்டு, அடியில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். என்னை ஒருமுறைகூடச் சந்திக்காத ஓர் ஆசிரியை, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதியது முறையல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மெய் லின் இப்போது கல்லூரியில் பயிர் நோய்களைப் பற்றிப் படிக்கிறாள். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கீழே நான்கு பேர். அங்கே என் பட்டியல்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறேன். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று சொல்லுவேன். மழை எப்போது வரும் என்று சொல்லுவேன். தம்பி முறையுள்ளவனுக்கு எப்படிப் பெண் பார்ப்பது என்றுகூட ஒருமுறை சொன்னேன். நான் எதையாவது உறுதியாகச் சொல்லி வாய் மூடுவதற்குள், அம்மா அப்பாவைப் பார்த்து மெல்ல, தெளிவாக, ஆங்கிலத்தில் சொல்லுவார்: "ஷி இஸ் ஸ்டில் லேர்னிங்."

அம்மாவுக்கு ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்லத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். சொல்லிக்கொடுத்தது மெய் லின். ஒரே மத்தியானத்தில்.